பட்டதாரிகள் எங்கே? கணக்குக் காட்டுக!

ஒரு பெட்டிக்கடைக்காரன்கூட மாலையிற் கடையைப் பூட்டுமுன் அன்றைய வரவையும் செலவையும் ஒரு கொப்பியிற் குறித்து வைக்கிறான். எத்தனை கட்டுச் சுருட்டு வந்தது, எத்தனை விற்றது, எத்தனை மிஞ்சியது, எவரிடம் கடன் நிற்கிறது என்பவையெல்லாம் அவனுக்குத் தெரியும். கணக்கு வையாத கடை நிலையாது என்ற பாடத்தை அவனுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்கவில்லை. ஆனால், கணக்கியலையும் நிதி முகாமையையும் கற்பிப்பதற்கென்றே அமைந்த பீடங்களை நோக்கி, "ஐந்து ஆண்டுகளுக்கு முன் உங்களிடம் வியாபார நிர்வாகமாணிப் பட்டம் பெற்று வெளியேறியோர் இன்று எங்கே இருக்கின்றனர்? என்ன தொழில் செய்கின்றனர்? என்ன ஊதியம் பெறுகின்றனர்?" என்று ஒருவர் வினவுவாராயின், அவருக்கு முழுமையான மறுமொழி கிடைப்பது அரிது. பிறர் கணக்கைச் சரிபார்க்கக் கற்பிக்கும் நிலையங்கள் தம் கணக்கை மட்டும் திறந்த ஏடாக வைத்திருக்கவில்லை.

இது ஆசிரியர்களைக் குறைகூறும் கட்டுரையன்று. யாழ்ப்பாணத்திலும், வவுனியாவிலும், மட்டக்களப்பிலும், திருகோணமலையிலும், ஒலுவிலிலும் முகாமைத்துவமும் வணிகமும் கற்பிக்கும் பீடங்கள் இயங்குகின்றன. அவற்றுட் சில, போரின் கொடுமையிலும் விளக்கை அணையவிடாது காத்தவை. கேள்வி கேட்பது அவற்றை இகழ்வதாகாது. நம்முடையவை என்று கருதுவதாலேயே கேட்கிறோம்.

வாயிலிற் கண்டிப்பு, வெளியில் மௌனம்

பல்கலைக்கழகத்தின் வாயிலில் அரசு காட்டும் கண்டிப்பைப் பாருங்கள். உயர்தரப் பரீட்சை எழுதிய ஒவ்வொரு மாணவனுக்கும் இசட் புள்ளி கணிக்கப்படுகிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும், ஒவ்வொரு கற்கைநெறிக்கும் வெட்டுப்புள்ளி நான்காம் தசமதானம் வரை வெளியிடப்படுகிறது. வணிகத்துறை உட்படப் பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய தகுதி அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டக் குடித்தொகை அடிப்படையிலும், 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இந்தப் பங்கீட்டின் வரலாற்றைத் தமிழ் மக்களுக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் நம் தலைமுறை ஒன்றின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று.

உள்ளே விடுவதற்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை அளந்து பார்க்கும் அரசு, வெளியே அனுப்பியபின் அந்த மாணவனை அளவுகோல் கொண்டு தொடர்வதில்லை. கிளிநொச்சியிலிருந்து வந்தவனுக்கும் கொழும்பிலிருந்து வந்தவனுக்கும் ஒரே பட்டம் ஒரே வாழ்வைத் தந்ததா என்பதைச் சொல்லும் பட்டியல் வெட்டுப்புள்ளிப் பட்டியலைப் போல் ஆண்டுதோறும் வெளியாவதில்லை. உட்புகும் நீதி பற்றி அரை நூற்றாண்டு காலம் வாதாடிய நாம், வெளியேறும் நீதி பற்றி ஏன் வாய் திறக்கவில்லை?

எவருடைய பணம்?

இலவசக் கல்வி 1945 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. அது இந்நாட்டின் பெருஞ்சாதனை. எனினும் இலவசம் என்ற சொல்லுக்குள் ஒரு மயக்கம் மறைந்திருக்கிறது. மாணவன் கட்டணம் செலுத்துவதில்லை என்பதே அதன் பொருள். எவருமே செலுத்துவதில்லை என்பதன்று. சீனி வாங்கும்போதும், மண்ணெண்ணெய் வாங்கும்போதும், துணி வாங்கும்போதும் ஏழைக் கமக்காரன் வரி செலுத்துகிறான். செம்மண் தோட்டத்தில் வெங்காயம் நட்டு, இறைப்பு இயந்திரத்துக்கு எரிபொருள் ஊற்றி, விளைச்சல் வந்த வேளையில் விலை வீழ்ந்து வெறுங்கையோடு திரும்பும் அந்த மனிதனும் பட்டதாரியின் கல்விச் செலவில் ஒரு பங்காளி. அதற்கு மேலாகத் தன் பிள்ளைக்கு விடுதிச் செலவும், நூற்செலவும், போக்குவரத்துச் செலவும் நான்கு ஆண்டுகள் அனுப்புகிறான். நகை அடகு கடைக்குப் போவதும், காணித் துண்டு கைமாறுவதும் நம் ஊர்களிற் காணாத காட்சிகளா?

பணம் போட்டவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பது சட்டத்தின் மூலதத்துவம். நம்பிக்கைப் பொறுப்பாளன் ஒருவன் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட சொத்துக்குக் கணக்குக் காட்ட மறுப்பானாயின் எந்த நீதிமன்றும் அவனை விட்டுவைக்காது. இங்கு ஒப்படைக்கப்பட்டவை பணம் மட்டுமல்ல, பிள்ளைகளின் இளமையுமாம்.

பழைய நோய், பழைய மருந்து

நோய் புதியதன்று. 1971 ஆம் ஆண்டு ஏப்பிரலில் தென்னிலங்கையில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. அவ்வாண்டிலேயே, டட்லி சீயர்ஸ் தலைமையில் இந்நாட்டை ஆராய்ந்த சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் தூதுக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. படித்த இளைஞர் எதிர்பார்க்கும் தொழிலுக்கும் நாட்டிலே கிடைக்கும் தொழிலுக்கும் இடையே பொருத்தம் இல்லை என்பதே அதன் சாரம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டிய தேவை ஏற்பட்டதா?

அரசுகள் கொடுத்த மருந்தும் ஒன்றே: நியமனம். 2017 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரத்தில் மாதக்கணக்கில் அமர்ந்து போராடினர். 2020 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநராகச் சேர்க்கும் திட்டம் வந்தது. நாடெங்கும் செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் நிறைந்தனர். மேசை இல்லாத கந்தோரும், வேலை இல்லாத மேசையும் உண்டாயின. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசே அறிவித்தபோது, அந்த மருந்துப் புட்டியின் அடித்தளம் எல்லோருக்கும் தெரிந்தது.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். அச்சொல் நகைச்சுவைக்குப் பிறந்ததாயினும் அதனுள் ஒரு பொருளாதாரக் கணக்கு இருந்தது. நிலையான சம்பளம், பென்சன், சீதனச் சந்தையில் மதிப்பு. இன்று மேய்க்கக் கோழியும் இல்லை, மேய்ப்பவனுக்குக் கொடுக்கத் திறைசேரியிற் காசும் இல்லை. இந்நிலையிற் பட்டதாரி எங்கே போகிறான் என்ற கேள்வி, பொழுதுபோக்குக் கேள்வியன்று.

"தொழில் பெற்றோர்" என்பவர் யார்?

ஆய்வுகள் நடந்ததேயில்லை என்று நாம் கூறவில்லை. பட்டமளிப்பு விழாவுக்குப் பதிவு செய்ய வருவோரிடம் வினாப்பத்திரம் கொடுத்து நிரப்பச் செய்யும் முறை நமது பல்கலைக்கழகங்களிற் கையாளப்பட்டிருக்கிறது. அது ஒரு தொடக்கம். ஆனால் அதன் குறைகளை எண்ணிப் பாருங்கள். விழாவுக்கு வராதவன் கணக்கில் வாரான். கட்டாருக்கோ கனடாவுக்கோ போனவன் வாரான். கடனுக்கு அஞ்சி வீட்டுக்குள் இருப்பவனும் வாரான். பரீட்சை முடிந்து விழா நடப்பதற்கு எத்தனை மாதம் என்பது பீடத்துக்குப் பீடம், ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். எனவே ஒரு பீடத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடுவது, பச்சை நெல்லையும் காய்ந்த நெல்லையும் ஒரே தராசில் நிறுப்பது போன்றதாகும்.

அதனினும் பெரிய சிக்கல் சொல்லிலே இருக்கிறது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை ஆய்வில், குறித்த வாரத்தில் ஒரு மணித்தியாலமேனும் வேலை செய்தவர் தொழிலுடையவராகக் கொள்ளப்படுகிறார். சம்பளமின்றிக் குடும்பத் தொழிலில் உதவுபவரும் அதில் அடங்குவார். உலக நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான வரைவிலக்கணம் அது. நாட்டின் தொழிற்படையை அளக்க அது போதும். ஒரு பட்டத்தின் பயனை அளக்கப் போதாது. தந்தையின் கடையில் மாலையில் நின்று சாமான் நிறுப்பவரும், வங்கியில் முகாமையாளர் பயிற்சி பெறுபவரும் அக்கணக்கில் ஒருவரே. மறுபுறம், பல ஆண்டுகள் தேடிக் களைத்துத் தேடுவதை நிறுத்திவிட்ட பெண் பட்டதாரி, வேலையற்றோர் பட்டியலிலிருந்தே மறைந்துபோகிறாள். நமது பல்கலைக்கழகங்களிற் பெண்களே பெரும்பான்மையோர். படித்தோரிடையே வேலையின்மை அவர்களிடமே மிகுதி என்பதை அத்திணைக்களத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. அவர்களை மறைக்கும் கணக்கு எத்தகைய கணக்கு?

இன்னொன்றையும் மறைக்காது சொல்வோம். 2009 இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நிதி நிறுவனங்களும் குத்தகைக் கொம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் புற்றீசல்போற் புறப்பட்டன. அவை வேலைக்கு எடுத்தவர்களுள் நம் வணிகப் பட்டதாரிகளும் இருந்தனர். மோட்டார்ச் சைக்கிளிற் கிராமம் கிராமமாகச் சென்று, கணவனை இழந்த பெண்ணிடம் வாரத் தவணை கேட்பதே அவர்களுட் பலருக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். 2018 ஆம் ஆண்டில் வறட்சியால் வாடிய மாவட்டங்களிற் பெண்களின் நுண்கடனில் ஒரு பகுதியை அரசு தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. அந்த இளைஞன் "தொழில் பெற்றோர்" பட்டியலில் இருக்கிறான். அவன் தொழிலால் அவன் அயலவர் வாழ்ந்தனரா, வாடினரா என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆகவே வேலை உண்டா இல்லையா என்று மட்டும் கேட்பது போதாது. என்ன வேலை, எவ்விடத்தில், எத்தனை காலம், கற்ற கல்விக்கும் அதற்கும் தொடர்பு யாது என்றும் கேட்க வேண்டும்.

பிறர் செய்வது

இது நடவாத காரியம் என்று கூறுவோர் பிற நாடுகளைப் பார்க்கட்டும். பிரித்தானியாவில் முன்னர் கற்கை முடிந்து ஆறு மாதத்தில் வினவினர். அது மிக முந்தியதென உணர்ந்து, 2017/18 கல்வியாண்டில் வெளியேறியோர் முதல் 15 மாதம் கழித்து வினவுகின்றனர். அத்துடன் நில்லாது, கல்விப் பதிவுகளையும் வரித் திணைக்களப் பதிவுகளையும் இணைத்து ஒன்று, மூன்று, ஐந்து, பத்து ஆண்டுகளின் பின் வருவாய் என்ன என்று பாடவாரியாக வெளியிடுகின்றனர். இத்தாலியிற் பல்கலைக்கழகங்கள் கூட்டாக அமைத்த நிறுவனம் ஒன்று, பட்டம் பெற்று ஒன்று, மூன்று, ஐந்து ஆண்டுகளிற் பட்டதாரியைத் தேடிச் சென்று வினவுகிறது. சிங்கப்பூரில் ஒவ்வொரு பட்டத்துக்கும் முழுநேர நிரந்தர வேலை பெற்றோர் எத்தனை வீதம், நடுமட்டச் சம்பளம் எவ்வளவு என்பது ஆண்டுதோறும் அச்சாகிறது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவன் அதைப் படித்தபின் தெரிவு செய்கிறான்.

ஆயினும் கணக்கு இருந்தாற் போதாது, கணக்கு நேர்மையாகவும் இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் 2011 ஆம் ஆண்டு தொடக்கம் சட்டக் கல்லூரிகள் பலவற்றுக்கு எதிராகப் பழைய மாணவர் வழக்குத் தொடுத்தனர். பகுதிநேர வேலையையும் சட்டத்தோடு தொடர்பற்ற வேலையையும் சேர்த்துத் "தொழில் பெற்றோர்" தொகையைப் பெருக்கிக் காட்டினர் என்பது அவர்கள் முறைப்பாடு. நியூயோர்க்கில் நடந்த வழக்கில் மன்று அம்முறைப்பாட்டைத் தள்ளியது. ஆனால் அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் தொழில் விபரங்களை வகைப்படுத்தி வெளியிட வேண்டுமெனத் தன் விதிகளை இறுக்கிற்று. வழக்கிற் தோற்றவர்கள் வாதத்தில் வென்றார்கள். பிலடெல்பியாவில் ரெம்பிள் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரிப் பீடாதிபதியாக இருந்தவர், தரவரிசையில் முதலிடம் பெறுவதற்காகப் பொய் விபரங்கள் அனுப்பிய குற்றத்துக்கு 2021 இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, 2022 இல் 14 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பரீட்சார்த்தியே தன் விடைத்தாளைத் திருத்தலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கணக்கெடுப்பவர் பீடத்துக்கு வெளியே உள்ளவராக இருத்தல் வேண்டும்.

நமக்கு வழி உண்டு

நம் நாட்டில் இதற்குப் புதிய மாளிகை கட்ட வேண்டியதில்லை. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும் தொழில்கொள்வோரிடமிருந்து 12 வீதமும் மாதந்தோறும் நிதிக்குச் செல்கின்றன. ஒருவர் பேரில் மாதம் 12,000 ரூபா சென்றிருப்பின் அவர் சம்பளம் 60,000 ரூபா என்பதைப் பள்ளிச் சிறுவனும் கணிப்பான். பட்டதாரியின் அடையாள அட்டை இலக்கம் பல்கலைக்கழகத்தில் உண்டு. நிதியிலும் உண்டு. அரச ஊழியரின் விபரமும் அரசிடமே உண்டு. இவற்றை இணைத்துப் பார்ப்பது பெரும் பொறியியல் வித்தையன்று.

இதனால் இன்னொரு நன்மையும் விளையும். பட்டதாரியை வேலைக்கு வைத்துக்கொண்டு சேமலாப நிதி செலுத்தாது ஏய்க்கும் நிறுவனங்களும் வெளிச்சத்துக்கு வரும். வேலை உண்டு என்று அவன் சொல்ல, நிதியில் அவன் பெயர் இல்லையெனின் அங்கே ஒரு சட்டமீறல் இருக்கிறது.

சுயதொழில் செய்வோரும், வெளிநாடு சென்றோரும், வீட்டில் இருப்போரும் அப்பதிவுகளில் அகப்படார். அவர்களை ஒரு மாதிரித் தெரிவின்படி நேரிற் கண்டும் தொலைபேசியிலும் வினவ வேண்டும். அவ்வினாக்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். ஆங்கில வினாப்பத்திரம் அனுப்பிவிட்டு மறுமொழி குறைவு என்று கைவிரிப்பது நியாயமாகாது. தனியாள் அந்தரங்கம் பற்றி ஐயுறுவோருக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாம் கேட்பது இன்னாரின் சம்பளத்தையன்று. பெயர் நீக்கிய தொகையையே கேட்கிறோம். பீடவாரியாக, மாவட்டவாரியாக, ஆண் பெண் வாரியாக வெளியிடட்டும். ஆள் அடையாளம் தெரியுமளவுக்குச் சிறிய தொகைகளை வெளியிடாது விடட்டும்.

இரு ஆட்சேபங்கள்

பல்கலைக்கழகம் என்பது வேலை தேடிக்கொடுக்கும் தரகு நிலையமா என்று கற்றோர் சிலர் கேட்பர். மெய்தான். இலக்கியத்தையும் தத்துவத்தையும் சம்பளத் தராசில் நிறுக்க நாம் ஒருப்படோம். ஆனால் வியாபார நிர்வாகம் தன்னைத் தொழிற்கல்வி என்று சொல்லிக்கொண்டே மாணவரை அழைக்கிறது. தொழிலுக்கு ஆயத்தம் செய்கிறோம் என்று வாக்களித்தவர், வாக்கு நிறைவேறிற்றா என்ற வினாவுக்குத் தத்துவத்தின் பின் ஒளிந்துகொள்ளலாகாது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. நம்மவரே அதைச் சொல்கின்றனர். இத்தகைய எண்கள் வெளிவந்தால் வடக்குக் கிழக்குப் பீடங்கள் கீழே நிற்கும், அதைக் காட்டி ஆளணியும் பணமும் குறைக்கப்படும் என்பது அவர்கள் அச்சம். போரால் ஆலைகள் அழிந்த மண்ணில், பெருங்கொம்பனிகளின் தலைமை அலுவலகம் ஒன்றும் இல்லாத மண்ணில் கற்றவனையும், கொழும்பின் வாயிலிற் கற்றவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது அநீதியே. அந்த அநீதிக்கு மருந்து கூடுதலான கணக்கேயன்றிக் கணக்கின்மையன்று. அம்மாவட்டத்தில் உள்ள வேலைவாய்ப்பு, மாணவன் வந்த வேளையில் அவனுக்கிருந்த ஆங்கில அறிவு, குடும்ப வசதி ஆகியவற்றோடு சேர்த்தே எண்ணை வாசிக்க வேண்டும். தமிழில் உயர்தரம் கற்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் முகாமைத்துவம் கற்பவன் எவ்வளவு தூரம் ஓடிவந்தான் என்பதையும் அளவிட்டாற்றான் ஓட்டத்தை மதிப்பிடலாம். எண் இல்லாத இன்று நம் பட்டதாரிகள் ஏளனத்துக்குத் தப்பினார்களா? "தகுதியற்றோர்" என்ற பழி ஆதாரமின்றியே சுமத்தப்படுகிறது. ஆதாரமின்றியே மறுக்கவும் படுகிறது. சான்றில்லாத வழக்கில் வலியவன் சொல்லே வெல்லும் என்பதை நீதிமன்ற வாயிலை மிதித்தவர் எவரும் அறிவர்.

கமக்காரனுக்கு என்ன?

கமக்கார நண்பர்கள் இதைப் படித்துவிட்டு, இது படித்தோர் விவகாரம் என்று ஒதுங்கிவிடலாகாது. இரணைமடுவின் கீழ் விளையும் நெல்லை ஆர் வாங்குகிறார்? விலையை ஆர் தீர்மானிக்கிறார்? அறுவடைக் காலத்தில் வெங்காயம் ஏன் அடிமாட்டு விலைக்குப் போகிறது? இவை விற்பனை முகாமையின் கேள்விகள். கொள்வனவு, களஞ்சியம், கணக்கு, கடன், சந்தை ஆகிய ஐந்தையும் கற்ற பிள்ளைகள் ஆண்டுதோறும் வெளியேறுகின்றனர். கூட்டுறவு இயக்கம் வேரூன்றி வளர்ந்த மண் நம்முடையது. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் அமைந்தது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும், பாலுற்பத்தியாளர் சங்கங்களும், கமக்கார அமைப்புகளும் ஊர்தோறும் உண்டு. வெளியேறிய பட்டதாரிகளுள் எத்தனை பேர் இவற்றுக்கு வந்தனர்? வராததற்குக் காரணம் சம்பளமா, மரியாதையின்மையா, பாடத்திட்டத்திற் கமம் என்ற சொல்லே இடம்பெறாமையா? பதிவேடு இருந்தாற் காரணம் தெரியும். காரணம் தெரிந்தால் மாற்றம் வரும். இல்லையேல் பிள்ளை கொழும்பிற் குத்தகைக் கொம்பனியின் படிக்கட்டில் நிற்க, தந்தை தம்புள்ளைத் தரகனின் தராசைப் பார்த்து நிற்பான்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரே வரைவிலக்கணம், ஒரே காலம், ஒரே வினாக்கள் கொண்டு ஒன்று, மூன்று, ஐந்து ஆண்டுகளிற் பட்டதாரிகளைத் தொடரும் கணக்கைத் தொடங்கட்டும். இரண்டாவதாக, அதைத் தொகுக்கும் பொறுப்பு பீடங்களிடமன்றித் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் போன்ற வெளியமைப்பொன்றிடம் இருக்கட்டும். மூன்றாவதாக, வெட்டுப்புள்ளி வெளியாகும் அதே வேளையில் இக்கணக்கும் வெளியாகட்டும்.

அவர்கள் தொடங்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தக் குடிமகனுக்கும் கேட்கும் உரிமையை வழங்கியிருக்கிறது. பல்கலைக்கழகங்களும் அச்சட்டத்துக்கு உட்பட்டவை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழுவும் உண்டு. பெற்றோர் சங்கங்களும், பழைய மாணவர் சங்கங்களும், கமக்கார அமைப்புகளும் ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு கடிதம் எழுதட்டும். "கடந்த ஐந்து ஆண்டுகளில் வெளியேறிய வியாபார நிர்வாகப் பட்டதாரிகளின் தொழில் பற்றி உங்களிடமுள்ள பதிவுகளைத் தருக" என்ற ஒரு வரி போதும். பதிவு கிடைப்பின் அதைப் படிப்போம். "அவ்வாறான பதிவு எம்மிடம் இல்லை" என்று எழுத்தில் வருமாயின், அவ்வெழுத்தே நமது முதற் சான்றாகும்.

எழுத ஆயத்தமாகுங்கள். முத்திரையின் விலை அதிகமன்று.